பிடிக்காத மாப்பிள்ளை

'முள்ளும் மலரும்' படத்தின் கடைசிக் காட்சியை வைத்து எங்கள் வீட்டில் மூண்ட சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. படம் வந்தது 1978இல். அப்போது நான் தொட்டில் குழந்தை. அம்மா அதைத் தியேட்டரில் பார்த்தவர், அதனால் அந்தப் படத்தின் மேல் தனக்குத்தான் முதல் உரிமை என்று நினைக்கிறார். அவர், ரஜினி நடித்த அண்ணன் காளியின் பக்கம். கல்லூரியில் படிக்கும் மகளுக்குக் காளியைக் கண்டாலே ஆகவில்லை. என் வீட்டுக்காரர், காளியின் தங்கையைப் பெண் கேட்கிற இன்ஜினியரின் கட்சி. அதற்கு அவருக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு, பிறகு சொல்கிறேன். நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் நாளுக்கொரு பதில் சொல்கிறேனாம், மகளின் புகார் இது. எழுத உட்கார்ந்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆகவேண்டும் என்கிறாள். பார்ப்போம்.

இவ்வளவுக்கும் தொடக்கம் வேறொரு படம். செமஸ்டர் லீவில் வந்திருந்த மகள் ஒரு சனிக்கிழமை இரவு 'கொட்டுக்காளி'யைப் போட்டாள். பி.எஸ்.வினோத்ராஜின் இரண்டாவது படம். முதல் படமான 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியபோது பத்திரிகைகளில் படித்ததோடு சரி. 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்தபோதும், போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே படத்தை எடுத்துவிட்டார்கள். ஆக, ஹாலில் டிவியில்தான் பார்க்க வாய்த்தது.

வீட்டில் படம் பார்ப்பதில் என்ன கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ ஓடுகிற சத்தம், பைக் சத்தம், சேவல், காற்று, ஆட்களின் பேச்சு, அவ்வளவுதான். எங்கள் வீதியிலும் இதே சத்தங்கள்தான் நாள் முழுக்க. ஆட்டோ ஒன்று உறுமினால் அது படத்தில் உறுமுகிறதா வாசலில் உறுமுகிறதா என்று புரியவில்லை. அம்மா எழுந்துபோய் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஃபேனை நிறுத்தினால் புழுக்கம், ஓடவிட்டால் சூரி பேசுவது கேட்கவில்லை. அந்தப் படத்தில் சூரிக்கு வேறு தொண்டை கட்டிப்போயிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு, கரகரவென்று வராத குரலில் அதட்டுகிறார். இருட்டான தியேட்டரில் அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். வீட்டில் அது குக்கர் விசிலோடு போட்டி போட்டது.

ஆனாலும் படம் பிடித்து உட்காரவைத்துவிட்டது. மீனா வேறு யாரையோ விரும்புகிறாள், முறைக்காரனான பாண்டியை, அதாவது சூரியை, கட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறாள். அவளைப் பேய் ஏதோ பிடித்திருக்கிறது, சாமியாடியிடம் கொண்டுபோனால் சரியாகிவிடும் என்று குடும்பமே ஓர் ஆட்டோவிலும் சில பைக்குகளிலுமாகக் கிளம்புகிறது. மொத்தப் படமும் அந்தப் பயணம்தான். மீனாவாக வரும் அன்னா பென் அநேகமாக வாயே திறப்பதில்லை. ஓரிடத்தில் ஆட்டோவைத் திருப்ப வழியில்லாமல், மீனா உள்ளே உட்கார்ந்திருக்க, ஆண்கள் எல்லோரும் சேர்ந்து வண்டியை அப்படியே தூக்கித் திருப்பி வைக்கிறார்கள். அவள் இறங்கவும் இல்லை, இறங்கு என்று யாரும் சொல்லவும் இல்லை. மகள் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். இன்னோரிடத்தில், வழியில் எங்கோ ஸ்பீக்கரில் ஓடுகிற பாட்டுக்கு மீனாவின் உதடு லேசாக அசைகிறது. அவ்வளவுதான் குற்றம். பாண்டி அவளையும் தடுக்க வந்த பெண்களையும் அடித்து நொறுக்குகிறான். கடைசியில் சாமியாடி இன்னொரு பெண்ணைத் தொட்டு வைத்தியம் பார்க்கிற விதத்தைப் பார்த்து அவன் முகம் மாறுகிறது. இனி மீனாவை உள்ளே அனுப்புவானா மாட்டானா என்ற இடத்தில் படம் முடிந்துவிடுகிறது.

"அவ்வளவுதானா?" என்றார் அம்மா. அவர் ரிமோட்டை வாங்கிப் பார்த்தார், ஏதோ கரண்ட் போய் நின்றுவிட்டது போல. அப்புறம் சொன்னார்: "ஒரு பாட்டுக்கூட இல்லாம என்ன படம் கண்ணு இது? நாளைக்கு நல்லதா ஒண்ணு போடு." நல்லது என்றால் எது என்று கேட்டபோது வந்த பெயர்தான் 'முள்ளும் மலரும்'. அதில் பாட்டு இருக்கிறது, ரஜினி இருக்கிறார், அண்ணன் தங்கச்சி பாசம் இருக்கிறது. அம்மாவின் நினைவில் அது சந்தோஷமாக முடிகிற படம்.

அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் இந்த இரண்டையும் பார்த்ததுதான் எல்லாவற்றையும் கிளறிவிட்டது. இடையில் ஒரு மாதம் இருந்திருந்தால் இரண்டையும் யாரும் சேர்த்து யோசித்திருக்க மாட்டோம். அடுத்த இரவு படம் ஓடி அரைமணி ஆகும் முன்பே மகள் கேட்டுவிட்டாள்: "அம்மா, இவனும் பாண்டிதானே?"

வசனத்துக்காகக் கூப்பிட்ட ஆள்

நாங்கள் பார்த்த பிரதி சுமார்தான். பழைய படத்தைப் புது டிவியின் அகலத்துக்கு இழுத்து எல்லோரையும் கொஞ்சம் குண்டாக்கியிருந்தார்கள். பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவில் அந்த மலையும் பனியும் காலை வெயிலும் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நடுநடுவே விளம்பரம். வள்ளி அழுதுகொண்டிருக்கும்போது சிமென்ட் வந்தது.

இருந்தும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது, எவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்பது. மகேந்திரனுக்கு டைரக்டராக இது முதல் படம். அதற்கு முன் அவர் பேர் வாங்கியது கதை வசனத்தில்; சிவாஜியின் 'தங்கப்பதக்கம்' அவர் எழுதியது. அப்படிப்பட்ட ஆள் படம் எடுக்கிறார் என்றால் வசனம் மழையாகக் கொட்டும் என்றுதான் தயாரிப்பாளர் வேணு செட்டியார் எதிர்பார்த்திருக்கிறார். முடித்துப் போட்டுக்காட்டியபோது வசனத்தையே காணோம் என்று அவர் தலையில் கைவைத்த கதையை மகேந்திரனே சொல்லியிருக்கிறார். 'செந்தாழம்பூவில்' பாட்டை எடுத்து முடிக்கப் பணம் இல்லாமல் நின்றபோது கமல்ஹாசன் உதவிய கதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாலு மகேந்திராவை மகேந்திரனிடம் கூட்டிவந்ததும் கமல்தான். ரஜினிக்கு அதுவரை கிடைத்த வேடங்களிலேயே பெரியதான ஒன்று, கமல் கைகொடுத்ததால் முடிந்தது என்பதை இன்றைய ரசிகர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இந்தக் கட்டுரைக்கு இதையெல்லாம்விட முக்கியமான தகவல் ஒன்று உண்டு. படத்துக்கு அடிப்படை உமாசந்திரன் எழுதிய நாவல், கல்கி வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்றது. ஆனால் மகேந்திரன் அதை முழுசாகப் படிக்கவில்லை. காளிக்குக் கையும் வேலையும் போகிற இடம்வரை படித்துவிட்டு மூடிவைத்து, மீதியைத் தன் போக்கில் எழுதிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற கடைசிக் காட்சிக்கு முழுப்பொறுப்பும் அவருடையது. திட்டினாலும் அவரைத்தான் திட்டவேண்டும், கொண்டாடினாலும் அவரைத்தான்.

கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. மின்நிலையத்தில் விஞ்ச் (மலைச்சரிவில் கம்பியால் இழுத்து ஏற்றும் வண்டி) ஓட்டுகிற காளி, அவனுடைய ஒரே தங்கை வள்ளி, புதிதாக வந்து சேரும் இன்ஜினியர் குமரன். ஊர்க்காரர்களை விஞ்சில் ஏற்றிவிடுவது காளிக்குப் பெருமை. அது விதிக்கு மாறு, கூடாது என்கிறார் குமரன். சரத்பாபு அந்த வேடத்தில் குரலை உயர்த்துவதே இல்லை, அதுவே காளியை இன்னும் எரிக்கிறது. சஸ்பெண்ட் ஆகிக் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடக்கும்போது லாரி ஏறிக் காளியின் கை போகிறது. குமரன் வள்ளியைப் பெண் கேட்கிறார். காளி முடியாது என்று சொல்லிவிட்டு, பெண்களைப் பார்க்கிற பார்வையே சரியில்லாத மளிகைக்கடைக்காரன் ஒருவனுக்கு அவளைக் கட்டிவைக்க நிற்கிறான். மகள் கொதித்தது இங்கேதான். "அந்த வெண்ணிற ஆடை மூர்த்திக்கு! தங்கச்சிமேல உயிராம்! ஒருத்தன்மேல இருக்கிற கோபத்துக்கு அவளைத் தூக்கிப் போடுறான். ஆட்டோவைத் தூக்கித் திருப்பின மாதிரிதான் இதுவும்."

அம்மா விடவில்லை. "அப்பன் ஆயி இல்லாத அந்தப் புள்ளையத் தோள்ல போட்டு வளர்த்தவன் அவன். அவனுக்கு உரிமை இல்லையா?"

"உரிமைன்னா என்ன அம்மிச்சி? கேக்கிற உரிமையா, விக்கிற உரிமையா?"

நான் எழுந்து டீ போடப் போனேன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நெடுநாள் பழக்கம் எனக்கு.

அவள் திரும்பி நடக்கிற இடம்

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். காளியின் பெண்டாட்டி மங்காவும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வள்ளியைக் குமரனுக்குக் கட்டிவைக்க அழைத்துப் போகிறார்கள். காளி ஒற்றைக் கையோடு வழியில் நிற்கிறான். அவனைத் தாண்டி எல்லோரும் போகிறார்கள், வள்ளியும் போகிறாள். கொஞ்சதூரம் போனவள் நின்று, கூட்டத்தைவிட்டு அண்ணனிடமே திரும்பி வந்துவிடுகிறாள். அவ்வளவுதான், காளிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. இந்த உலகத்தில் எல்லோரையும்விட அண்ணன்தான் பெரிது என்று தங்கை வந்துவிட்டாள், இது போதும் எனக்கு என்கிற ரகத்தில் குமுறித் தீர்த்துவிட்டு, அவனே அவளைக் குமரனிடம் ஒப்படைக்கிறான். ஒப்படைக்கும்போது குமரனிடம் முகத்துக்கு நேரே சொல்கிறான், இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று. தன் தங்கைக்குப் பிடித்திருக்கிறது, அதனால் தருகிறேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இது தங்கையின் பாசம் ஜெயித்த காட்சி. மகளுக்கு இது வள்ளி தோற்ற காட்சி. அவள் வாதத்தை அப்படியே தருகிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது: வள்ளி போயே விட்டாள். ஊர் கூட இருக்கிறது, அண்ணியே முன்னால் நிற்கிறாள், தடுக்கக் காளியால் முடியாது. அந்த நிலையில் அவள் ஏன் திரும்பவேண்டும்? அவள் திரும்பி வந்து அவனிடம் நிற்கும்வரை அந்தக் கல்யாணம் கல்யாணமாகாது என்று படம் சொல்கிறது. ஆக, கடைசியில் முடிவெடுப்பவன் காளிதான். அவள் தன்னையே அவன் காலடியில் கொண்டுவந்து வைத்தபிறகு அவன் பெருந்தன்மையாகக் கொடுக்கிறான். 'கொட்டுக்காளி'யில் பாண்டி என்ன செய்வான் என்று நம்மை முழிக்கவைத்து வினோத்ராஜ் நிறுத்திக்கொண்டார். மகேந்திரன் அவனை நல்லவனாக்கிக் காட்டிக் கைதட்டல் வாங்கிவிட்டார்.

இந்தக் கடைசி வரியோடுதான் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. காளியை மகேந்திரன் நல்லவனாக்கவில்லை என்பது என் கட்சி. ஆக்கியிருந்தால் குமரனின் கையைப் பிடித்துக்கொண்டு அழவைத்திருப்பார். நம் சினிமாவில் அண்ணன் தங்கை கதைகள் முடிகிற விதம் தெரிந்ததுதானே. 1961இல் பீம்சிங் எடுத்த 'பாசமலர்' அதற்கெல்லாம் தாய். அதிலும் அண்ணன் முதலாளி, தங்கை விரும்புகிறவன் தொழிலாளர் பக்கம் நிற்பவன், அண்ணனுக்குப் பிடிக்காதவன். அந்தப் பிடிக்காமையைப் படம் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அப்புறம் கல்யாணம், குடும்பச் சண்டை, பிரிவு என்று போய், கண்ணிழந்த அண்ணனும் தங்கையும் கைகோத்தபடி செத்துப்போனால்தான் கணக்கு நேராகிறது. சிவாஜியும் சாவித்திரியும் அழுதால் யாரால் எதிர்த்துப் பேசமுடியும்? நானும் அழுதுதான் இருக்கிறேன், டிவியில் எப்போது போட்டாலும் அழுவேன். ஆனால் அழுது முடித்தபிறகு அந்த மாப்பிள்ளையைப் பற்றி யாராவது யோசித்தோமா? அவன் மேல் அண்ணனுக்கு இருந்த கசப்பு எங்கே போனது? கண்ணீரில் கரைந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காளியின் கசப்பு கரையவில்லை. எல்லா ரீலும் ஓடி முடிந்தபின் அவன் முதல் ரீலில் எப்படி இருந்தானோ அப்படியேதான் நிற்கிறான், அதே முரட்டுத்தனம், அதே கர்வம். கை ஒன்று குறைவு. திருந்தவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. தான் செய்ய நினைத்தது அநியாயம் என்று அவனுக்குப் புரிந்ததற்கான அறிகுறியே இல்லை. மகள் இதைப் படத்தின் குறையாகச் சொல்கிறாள். எனக்கு இதுதான் படத்தின் நேர்மை. பிடிக்காத ஒருவனைப் பிடிக்காமலே ஏற்றுக்கொள்வது என்று ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் அதுதான் பாதிக்குமேல் நடக்கிறது, படத்தில்தான் வருவதில்லை.

மோட்டார் விவகாரம்

இங்கேதான் என் வீட்டுக்காரரின் சொந்தக் காரணம் வருகிறது. எனக்கு ஓர் அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் தோட்டம் துரவு எல்லாம் அவன் பொறுப்பு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பேசி முடித்து எல்லோரும் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். கிணற்று மோட்டாருக்கு அண்ணன் தானே வயரிங் செய்திருந்தான், அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. மாப்பிள்ளையாக வந்தவர் மின்வேலை தெரிந்தவர். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்து, எர்த் சரியில்லை, மழை பெய்தால் ஆளை அடிக்கும் என்று ஊரார் முன்னால் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. அதுதான் பிரச்சினை. தப்பாகச் சொல்லியிருந்தால் அண்ணன் சிரித்து மறந்திருப்பான்.

கல்யாணம் நடந்தது, அம்மா பிடிவாதமாக நடத்தினார். அண்ணன் எதையும் குறை வைக்கவில்லை. ஆனால் என் வீட்டுக்காரரிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. மகளின் காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்துக்கொண்டது அவன்தான். தாய்மாமன் சீர் என்று தாம்பாளம் தாம்பாளமாக வந்து இறங்கியது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையிடம் "சாப்பிட்டாச்சா" என்றான், அவர் "ஆச்சு" என்றார், முடிந்தது. இன்றுவரை அப்படித்தான். இவருக்கு ஆஸ்பத்திரி என்றால் முதலில் வந்து நிற்கிறவன் அவன். வந்து நின்று, டாக்டரிடம் பேசி, பணத்தைக் கட்டி, இவர் முகத்தைப் பார்க்காமலே ஊருக்குப் பஸ் ஏறிவிடுவான். மோட்டாருக்கு எர்த் மட்டும் அந்த வாரமே சரிசெய்துவிட்டான், யாரிடமும் சொல்லாமல்.

அதனால்தான் என் வீட்டுக்காரருக்குக் குமரன்மேல் அத்தனை பாசம். "அவன் என்ன தப்பு பண்ணான்? ரூல்ஸ்படி நடந்தான்" என்பார். குமரன் செய்தது எல்லாமே சரி என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கை போன ஒருவனை அந்த வேலையில் வைத்திருக்க முடியாது என்பதும் சரிதான். ஆனால் சரியாக இருப்பவரை நமக்குப் பிடித்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே. நியாயம் ஒருவர் பக்கம் இருந்தால் எதிராளி மனம் மாறிக் கட்டித் தழுவித்தான் ஆகவேண்டும் என்று எதிர்பார்க்கிற படங்களைவிட, நியாயம் உன் பக்கம், என் மனசு என் பக்கம் என்று விடுகிற படம் எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

இதைச் சொன்னதும் மகள் மடக்கினாள். "மாமாவும் காளியும் ஒண்ணா? உன்னை யாருக்குக் கட்டிக்கொடுக்கணும்னு மாமா முடிவு பண்ணலையே. அம்மிச்சிதானே பண்ணாங்க. காளிகிட்ட அந்த அதிகாரம் இருந்துச்சு, அவன் அதை வெச்சு விளையாடினான்." அதுவும் உண்மைதான். பிடிக்காமல் இருப்பது வேறு, அந்தப் பிடிக்காமையை வைத்து இன்னொருத்தியின் வாழ்க்கையைக் கட்டிப்போடுவது வேறு. காளி இரண்டாவதைச் செய்யப் பார்த்தான். கடைசியில் முதலாவதோடு நிறுத்திக்கொண்டான். அந்த நிறுத்தம் அவனாக நிறுத்தியதா என்பதுதான் எங்கள் வழக்கு.

இந்தச் சமயத்தில் அம்மாவைச் சமாதானப்படுத்த 'மெய்யழகன்' போட்டோம். 2024இல் வந்த இந்தப் படத்தைத் தியேட்டரில் நீளமென்று சொன்னதால் வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். வீட்டில் பார்ப்பவருக்கு நீளம் ஒரு பொருட்டே இல்லை, வேண்டுமென்றால் நாமே இடைவேளை விட்டுக்கொள்ளலாம். அதிலும் ஓர் அண்ணன் தங்கை உண்டு. விட்டுப்போன ஊருக்குக் கல்யாணத்துக்கு வரும் அரவிந்த்சாமி, மேடையில் மணப்பெண்ணான தங்கைக்குக் கொண்டுவந்த நகைகளைக் கொடுக்கிற இடத்தில் எங்கள் வீட்டில் எல்லோருமே மூக்கை உறிஞ்சினோம், வழக்கில் எதிரெதிர்க் கட்சிகள் உட்பட. நல்ல காட்சி, குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் படத்தில் கெட்டவர்கள் எல்லோரும் எங்கோ திரைக்கு வெளியே இருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் பிடிக்கிறது. அந்த உலகத்தில் மூன்று மணிநேரம் இருக்கலாம், சுகமாகத்தான் இருக்கிறது. படுக்கப் போகும்போது யோசிக்க எதுவும் மிஞ்சவில்லை. காளியோ டிவியை அணைத்தபிறகும் வீட்டுக்குள்ளேயே திரிகிறான்.

ஷோபாவும் மங்காவும்

வழக்குக்குத் திரும்புகிறேன். அந்தக் காட்சியை மட்டும் தனியாக, எல்லோரும் தூங்கியபின் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தேன். வீட்டில் பார்ப்பதன் லாபம் இது. தியேட்டரில் அம்மா பார்த்தபோது காளியின் பூரிப்பும் ஜனங்களின் விசிலும் சேர்ந்து வள்ளியை மூடியிருக்கும். ரிமோட் கையில் இருந்தால் காளியை விட்டுவிட்டு அவளை மட்டும் பார்க்கலாம். வள்ளியாக நடித்த ஷோபாவுக்கு அந்த இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி வசனம் இல்லை. படம் வந்தபோது அவருக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை என்பதை நினைத்தால் திகைப்பாக இருக்கிறது, என் மகளைவிடச் சின்னப்பெண். அடுத்த ஆண்டே 'பசி'யில் நடித்து, தேசிய அளவில் சிறந்த நடிகை விருதை வாங்கிவிட்டு, 1980இல் பதினேழு வயதில் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பெண் திரும்பி வருவதை நான் அடிமைத்தனமாகப் பார்க்கவில்லை. சிறுவயதிலிருந்து அவன் ஒருவனை மட்டுமே தெரிந்தவள். அவனுடைய பலம் என்ன, எங்கே அவன் உடைவான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஊரே அவனைத் தாண்டிப் போகிறது, பெண்டாட்டியும் போய்விட்டாள், இவளும் போய்விட்டால் அவனிடம் மிச்சம் இருப்பது வீம்பு மட்டும்தான். வீம்பு மட்டும் மிஞ்சிய ஆணை நான் பார்த்திருக்கிறேன், அது ஆபத்தான சாமான். அவன் எதிர்பார்த்த ஒன்றை, எல்லோருக்கும் முன்னால், அவள் கொடுக்கிறாள். கொடுத்த கணத்தில் அவனுக்குச் சண்டைக்குக் காரணமே இல்லாமல் போகிறது. ஜெயித்துவிட்டதாக நினைக்கிறவனிடம் எதையும் வாங்கிவிடலாம், வீட்டில் பெண்களுக்கு இது தெரியாததா? பெண் பார்த்த அன்றைக்கு மறுநாள் என் அம்மா அண்ணனிடம், "நீ சொன்னா இந்தச் சம்பந்தத்தை விட்டர்றேன்" என்றார். அண்ணன் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் எதுக்கு வேண்டாங்கப் போறேன்" என்றான். அவனிடம் கேட்கப்பட்டதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

மகளிடம் இதைச் சொன்னால் உடனே பதில் வருகிறது: "சரி, தந்திரம்னே வெச்சுக்கோ. ஒரு பொண்ணு தனக்குப் பிடிச்சவனைக் கட்டிக்க ஏன் தந்திரம் பண்ணணும்?" பண்ணக்கூடாதுதான். 1978இல் அந்த மலையூரில் வேறு வழி இருந்ததா என்பது என் பதில் கேள்வி. 2024 படத்தில் மீனா எந்தத் தந்திரமும் செய்யவில்லை, கல்லாக உட்கார்ந்திருக்கிறாள், அவளை ஆட்டோவோடு தூக்குகிறார்கள். இரண்டு படங்களுக்கும் நடுவில் நாற்பத்தாறு வருஷம். இதில் யார் முன்னேறியவள் என்று என்னால் சொல்லமுடியவில்லை, மகளும் அதற்குப் பதில் வைத்திருக்கவில்லை.

ஒரே ஓர் ஆளைப் பற்றி மட்டும் எங்கள் மூன்று தலைமுறைக்கும் கருத்து வேறுபாடு இல்லை, மங்காதான். படாபட் ஜெயலட்சுமி. பிழைக்க வந்த ஊரில் வள்ளியே பார்த்து அண்ணனுக்குக் கட்டிவைத்த பெண். சாப்பாட்டு ராமி. முதலிரவிலேயே நெல்லுச்சோற்றுக்கும் குழம்புக்கும் ஏங்கிப் பாடுகிறவள், வாணி ஜெயராம் குரலில். சிரிப்புக்காக வைத்த பாத்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அவள்தான் கடைசியில் காளியை எதிர்த்து நின்று, நாத்தனாரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறாள். படத்தில் அநியாயத்தை அநியாயம் என்று சொல்லிக் கால் எடுத்துவைத்தவள் அவள் ஒருத்திதான். குமரனுக்கு நியாயமும் தெரியும் ஆங்கிலமும் தெரியும், ஆனாலும் முன்னால் நடந்தவள் மங்கா. இவ்வளவு செய்தவளுக்குக் கடைசிக் காட்சியில் காளி ஒரு வார்த்தை சொல்வதில்லை. தங்கச்சி ஜெயிக்கவைத்தாள், அந்தக் குஷியில் பெண்டாட்டியின் எதிர்ப்பு அவன் நினைவிலேயே இல்லை.

மகள் கேட்டாள்: "கல்யாணம் முடிஞ்சு வள்ளி இன்ஜினியர் வீட்டுக்குப் போயிட்டா. அன்னைக்கு ராத்திரி மங்காவும் காளியும் ஒரே வீட்டுக்குத்தானே போகணும்? அங்க என்ன நடந்திருக்கும்? அவன் அடிச்சிருப்பானா? அவ சோறாக்கிப் போட்டிருப்பாளா?"

என் வீட்டுக்காரர், மன்னிப்புக் கேட்கும்வரை போட்டிருக்கக் கூடாது என்றார். நான், காளி அடித்திருக்கமாட்டான், ஒற்றைக்கையால் அவனே அடுப்பை மூட்டப் பார்த்திருப்பான் என்றேன். மகள் என்னை நம்பாத பார்வை பார்த்தாள்.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "ஆக்கியிருப்பா கண்ணு. ஆக்கி, மொதல்ல அவ உக்காந்து வயிறாரச் சாப்ட்டிருப்பா. அப்பறந்தான் அவனுக்கு."